பத்தே நாளில் பாலகர் ஆவது எப்படி?

பரலோக ராஜ்யத்தில் யார் பெரியவன் என்று சீஷர்கள் கேட்டபோது, இயேசு வாயைத் திறப்பதற்கு முன் ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு அவர்கள் நடுவில் நிறுத்தினார். பிறகுதான், பிள்ளைகளைப்போல ஆகுங்கள் என்றார். மத்தேயு பதினெட்டாம் அதிகாரம். சபையில் வளர்ந்த யாருக்கும் இது மனப்பாடம். என்ன சங்கடம் என்றால், இதை மனப்பாடம் செய்த வயதில் நாம் சண்டே ஸ்கூலில் இருந்தோம். அப்போது பிள்ளையாவதற்குத் தனியாக முயற்சி தேவைப்படவில்லை. இப்போது சேகரக் கமிட்டி, ஃபிளாட்டுக்கு மாதத் தவணை, முழங்கால் வலி, ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் அட்மின் பதவி எல்லாம் வந்து சேர்ந்துவிட்டன. இந்த நிலையில் பாலகராவது உள்ளூரில் நடக்கிற காரியமில்லை. வெளிநாட்டு மிஷனெரி பயணம் இருப்பது இதற்காகத்தான்.

உள்ளூரிலேயே குழந்தைகள் இருக்கிறார்களே என்று சிலர் கேட்பார்கள். இருக்கிறார்கள், ஆனால் அவர்களுக்கு டியூஷன் இருக்கிறது. மேலும் நம் தெருப் பிள்ளைகளுக்கு நம்மைத் தெரியும். காம்பவுண்டுக்குள் விழுந்த பந்தைத் திருப்பிக் கொடுக்காத அங்கிள் யார் என்பது அவர்களுக்கு அத்துப்படி. நம்மைத் தெரியாத குழந்தைகள்தான் நமக்கு வேண்டும்.

புறப்படும் முன்

எந்த நாட்டுக்குப் போவது என்பதை ஜெபித்தே முடிவு செய்ய வேண்டும். விசா எளிதாகக் கிடைக்கும் நாட்டின்மேல்தான் பாரம் வரும் என்பது அனுபவஸ்தர்கள் கண்ட உண்மை. இந்த வழிகாட்டிக்கு உகாண்டாவை எடுத்துக்கொள்வோம். அங்கே ஆங்கிலம் ஆட்சிமொழி. செம்மண் பூமி, படத்தில் நன்றாக விழும். மக்கள்தொகையில் ஏறக்குறையப் பாதிப்பேர் 18 வயதுக்கு உட்பட்டவர்கள். ஆகவே குழந்தைகளுக்குப் பஞ்சமில்லை. கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு எண்பதுக்கும் மேல். நூற்றுக்கு இரண்டே சொச்சம் பேர் கிறிஸ்தவர்களாக இருக்கும் நாட்டிலிருந்து நீங்கள் போய் அவர்களுக்குச் சுவிசேஷம் சொல்லப்போகிறீர்கள். ஏன் என்று கேட்கக்கூடாது. குழந்தைகள் கேள்வி கேட்பதில்லை. (குழந்தை வளர்த்தவர்கள் முந்தைய வரியைத் தாண்டிச் செல்லவும்.)

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி கட்டாயம். சென்னைக்காரர்கள் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்றிதழ் செல்லுபடியாகும் என்பதால் கடைசி வாரம் வரை தள்ளிப்போடாதீர்கள். அடுத்தது டீ ஷர்ட். குழுவில் எல்லோருக்கும் ஒரே நிறம், முதுகில் ஒரு வசனம், நெஞ்சில் நம் சபையின் பெயர். போகும் ஊரின் பெயரைப் போட வேண்டாம். அடுத்த வருஷம் வேறு நாட்டுக்கும் அதே டீ ஷர்ட் உதவும்.

பணம் சேர்ப்பதில் கூச்சம் கூடாது. விமான டிக்கெட் மட்டுமே தலைக்கு அரை லட்சத்தைத் தாண்டும். ஆராதனை முடிந்து வெளியே வருபவர்களிடம் கவரை நீட்டினால் யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் ஒன்று. கணக்குப் பார்க்கும் பழக்கம் உள்ளவர்களைக் கிட்டே சேர்க்காதீர்கள். கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலாளர் அப்படிப்பட்டவர். 1998-ல் மிட்ச் சூறாவளி ஹொண்டுராஸைப் புரட்டிப்போட்டபோது, வட அமெரிக்கச் சபைகளிலிருந்து குழு குழுவாகப் போய் வீடு கட்டிக்கொடுத்தார்கள். இவர் பின்னாலேயே போய் விசாரித்தார். டிக்கெட், தங்கும் செலவு எல்லாம் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு ஏறக்குறைய 30,000 டாலர் ஆகியிருந்தது. உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பு அதே மாதிரி வீட்டை 2,000 டாலரில் கட்டிக்கொண்டிருந்தது. சரி, போய்வந்தவர்களாவது மாறினார்களா என்று அதையும் கிளறினார். ஜெபத்திலும் கொடுப்பதிலும் நிலைத்து நின்ற மாற்றம் பெரிதாக ஒன்றும் அகப்படவில்லை. இந்த மாதிரி ஆளைக் குழுவில் சேர்த்தால் பயணமே கெட்டுவிடும். குழந்தைக்குக் கணக்கு வராது என்று சொல்லிச் சமாளித்துவிடுங்கள்.

போன இடத்தில்: ஆபத்துகள்

எந்தேபே விமான நிலையத்தில் இறங்கும்போது விக்டோரியா ஏரி கடல் மாதிரி விரிந்து கிடக்கும். அதைப் பற்றி எழுத ஆசை இருந்தாலும் நமக்கு நேரமில்லை. ஏனென்றால் ஆபத்துகள் கிராமத்துக்குள் வேன் நுழைந்தவுடனே ஆரம்பித்துவிடுகின்றன.

முதல் ஆபத்து வணக்கம். புகாண்டா பகுதியில் பெரியவர்களைக் கண்டால் பெண்பிள்ளைகள் மண்டியிட்டு வணக்கம் சொல்வார்கள். ஆறு வயதுச் சிறுமி, தலையில் மஞ்சள் நிற ஜெரிகேன் நிறையத் தண்ணீர் சுமந்து வருபவள், உங்களைக் கண்டதும் கேனை இறக்கிவைத்துவிட்டுப் பாதையோரத்தில் முழங்கால் போடுவாள். ஒலி ஒட்யா என்பாள். உங்களுக்கு என்ன செய்வதென்றே தெரியாது. எழுந்திரு பாப்பா என்று தமிழில் சொல்வீர்கள். அவள் எழுந்திருக்க மாட்டாள். நீங்கள் பதில் சொல்லி முடித்த பிறகுதான் எழுந்திருப்பாள், ஆனால் பதில் என்னவென்று உங்களுக்குத் தெரியாது. நாற்பத்தைந்து வயதில், பட்டதாரியாக, நடுத்தெருவில், ஆறு வயசு டீச்சர் முன்னால் வீட்டுப்பாடம் செய்யாத பையனாக நீங்கள் நிற்பீர்கள். இந்த நேரத்தில் எவருக்கும் பாலகத்தன்மை தொற்றிக்கொள்ளும் அபாயம் உண்டு. உடனே பையிலிருந்து மிட்டாயை எடுத்து நீட்டிவிடுங்கள். கொடுக்கிறவராக மாறிவிட்டால் நிலைமை கட்டுக்குள் வந்துவிடும்.

இரண்டாவது நாற்காலி. அங்கே இந்தியர் என்றால் வெகுகாலமாகக் கடைக்காரர், மில் முதலாளி. 1972-ல் இடி அமீன் 90 நாள் கெடு வைத்து ஆசியர்களை வெளியேற்றினார். பின்னாளில் பலர் திரும்பி வந்து மறுபடியும் கடை திறந்தார்கள். அந்த வரலாற்றில் தரையில் உட்காரும் இந்தியருக்கு இடமில்லை. நீங்கள் பிள்ளைகளோடு பாயில் உட்காரப் போனால் எங்கிருந்தாவது ஒருவர் பிளாஸ்டிக் நாற்காலி தூக்கிக்கொண்டு ஓடிவருவார். வாங்கிக்கொள்ளுங்கள். பாயில் உட்கார்ந்தால் உங்கள் தலையும் பிள்ளைகளின் தலையும் ஒரே உயரத்துக்கு வந்துவிடும். பிறகு கதை சொல்வது யார், கேட்பது யார் என்பதில் குழப்பம் வரும்.

இந்தக் குழப்பத்தில் மாட்டிக்கொண்ட ஒருவரை நமக்கெல்லாம் தெரியும். பர்த்தலோமேயு சீகன்பால்க், ஜெர்மானியர். 1706 ஜூலை 9-ல் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். அனுப்பியவர் டென்மார்க் ராஜா. கோட்டையில் பறந்ததும் டென்மார்க் கொடி. நாற்காலி கேட்டிருந்தால் நூறு வந்திருக்கும். மனிதர் என்ன செய்தார்? உள்ளூர் வாத்தியார் ஒருவரைப் பிள்ளைகளோடு தம் வீட்டுக்கே வரவழைத்து, அவர்களோடு தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதினார். உச்சரிப்பு பிசகும்போது பக்கத்துப் பையன் சிரித்திருக்க மாட்டானா? வந்த இடத்தில் அவர் செய்த முதல் ஊழியம், சிரிப்புக்கு ஆளானதுதான் என்று நான் நினைக்கிறேன். பலன் வரத் தாமதமானது: புதிய ஏற்பாட்டைத் தமிழில் முடிக்க 1711 ஆயிற்று, அது அச்சாகி முடிய 1715. இடையில் டென்மார்க் கோட்டைத் தளபதியே பிடித்துச் சிறையில் போட்டார். 1719-ல் காலமானபோது நாற்பது வயதுகூட ஆகியிருக்கவில்லை. ஆக, பத்து நாள் பயணத்துக்கு இவர் முறை ஒத்துவராது. மொழிபெயர்ப்பாளரை அமர்த்திக்கொள்ளுங்கள். வெபாலே என்று நன்றி மட்டும் சொல்லக் கற்றுக்கொண்டால் போதும். அதையும் மைக்கில் சொன்னால் கைதட்டு கிடைக்கும், சிரிப்பு கேட்காது.

சாப்பாடு மூன்றாவது. மத்தோக்கே என்பது பச்சை வாழைக்காயைத் தோல் சீவி, வாழை இலையில் பொதிந்து, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைத்து மசித்தது. மேலே வேர்க்கடலைக் குழம்பு. இலையை விரித்ததும் எழும் மணம் நம் வீட்டுக் கொழுக்கட்டையைக் கண்முன் கொண்டுவந்துவிடும், எச்சரிக்கை. அந்த வீட்டு அம்மாள் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டியிருப்பார். எப்படி எடுத்துச் சாப்பிடுவது என்று தெரியாமல் நீங்கள் விழிப்பதைப் பார்த்து அவரே கையில் எடுத்துத் தட்டில் வைப்பார். பிறர் பரிமாற, பிறர் சொல்லித்தர, என்னவென்று தெரியாததை நம்பி விழுங்குவது குழந்தைகளின் வழக்கம். எனவே பருப்புப்பொடி, ரெடிமேட் புளிக்காய்ச்சல், ஊறுகாய் பாட்டில் மூன்றும் பெட்டியில் இருக்கட்டும். (கம்பாலா வீதிகளில் ரோலக்ஸ் கிடைக்கும். கைக்கடிகாரம் இல்லை, சப்பாத்திக்குள் ஆம்லெட்டைச் சுருட்டியது. சப்பாத்தியை அங்கே கொண்டுபோனவர்கள் நம் நாட்டார்தான். இதில் ஆன்மிக ஆபத்து ஒன்றுமில்லை, தாராளமாகச் சாப்பிடலாம்.)

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் கொஞ்சம் கூடுதல் கவனம் தேவை. காணிக்கை நேரத்தில் பணத்தோடு வாழைத்தார், சேவல், பீன்ஸ், முட்டை எல்லாம் பீடத்துக்கு வரும். ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். நெல்லைப் பக்கத்துக்காரர்களுக்கு இது புதிதில்லை, அறுப்பின் பண்டிகை ஏலத்தில் பூசணிக்காய்க்குப் போட்டி போட்டவர்கள்தானே நாம். ஒரே வித்தியாசம், அங்கே பல சபைகளில் இது ஆண்டுக்கு ஒருமுறை நடப்பதோடு நிற்பதில்லை. ஒரு சிறுவன் ஒற்றை முட்டையை இரண்டு உள்ளங்கைக்குள்ளும் பொத்திக்கொண்டு, கண்ணை அதைவிட்டு எடுக்காமல், வரிசையில் நகர்ந்து போவதைப் பார்ப்பீர்கள். உடைந்துவிடக் கூடாதே என்பது ஒன்றுதான் அவன் கவலை. வைத்த பிறகு திரும்பிப் பார்க்க மாட்டான். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு இடத்துக்கு ஓடிவிடுவான். முட்டையில் கொடுத்தவர் பெயர் எழுதியிருக்காது. நம் சபையில் மின்விசிறி உபயம் செய்தவரின் பெயர் மூன்று இறக்கையிலும் இருக்குமே, அப்படியில்லை. இந்தக் காட்சியை அதிக நேரம் பார்த்துக்கொண்டிருந்தால் ஊருக்கு வந்தபின் கல்வெட்டு விஷயங்களில் தடுமாற்றம் ஏற்படும்.

ஏலத்தில் அந்த முட்டையைப் பெரிய தொகைக்கு நீங்களே எடுத்துவிடுவது நல்லது. எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

அதே போலப் பிள்ளைகள் ஜெபிக்கும்போது பக்கத்தில் உட்காராதீர்கள். தம்பிக்கு மலேரியா, சுகமாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் மதியச் சோளக்களிக்குக் காசு கேட்கிறார்கள், வேண்டும். (1997 முதல் தொடக்கக் கல்வி இலவசம் என்று அரசாங்கம் சொன்னாலும் சாப்பாடு, சீருடை, நோட்டு என்று செலவு வந்துகொண்டேதான் இருக்கிறது.) மழை வேண்டும். ஆமென். எழுந்து பந்து விளையாடப் போய்விடுவார்கள். நம்முடைய ஜெபம் அப்படியா? பதில் வராவிட்டாலும் கடவுளுக்கும் நமக்கும் பெயர் கெடாதபடி, உமக்குச் சித்தமானால், ஏற்ற வேளையில், உமது வழியில் என்று நான்கு பக்கமும் வேலி போட்டுவிட்டுத்தான் கேட்போம். வளர்ந்தவர்களின் திறமை அது. வேலியில்லாமல் கேட்டால் என்ன ஆகும் என்பதற்கு டோனாவூர் எமி கார்மைக்கேல் அம்மையார் சாட்சி. அயர்லாந்தில் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, தன் பழுப்புக் கண்ணை நீலக் கண்ணாக்கும்படி இரவு ஜெபித்துவிட்டு, காலையில் நேரே கண்ணாடிக்கு ஓடினார். கண் பழுப்பாகவே இருந்தது. குழந்தை அழுதது, பிறகு, இல்லை என்பதும் ஒரு பதில்தான் என்று ஏற்றுக்கொண்டது. 1895-ல் இந்தியாவுக்கு வந்தவர் 1951-ல் டோனாவூரிலேயே அடக்கமாகும் வரை ஒருமுறைகூட ஊர் திரும்பவில்லை. சேலை கட்டி, தோலுக்குச் சாயம் பூசி உள்ளூர்ப் பெண்போல நடமாட நேர்ந்தபோது அந்தப் பழுப்புக் கண்தான் அவரைக் காட்டிக்கொடுக்காமல் காத்தது என்பார்கள். ஐம்பத்தைந்து வருஷப் பயணத்தில் இப்படியெல்லாம் நடக்க இடமுண்டு. நம் நிகழ்ச்சி நிரலில் ஜெபத்துக்கு ஒதுக்கியிருப்பது காலை 6.30 முதல் 6.45 வரை.

சுற்றிப் பார்க்க

நிரலில் நமுகொங்கோவுக்கு அரை மணி நேரம் தருவார்கள். கம்பாலாவுக்குப் பக்கம்தான். புகாண்டா மன்னன் முவாங்கா, தன் அரண்மனைப் பணிப்பையன்களில் கிறிஸ்தவர்களாக மாறியிருந்தவர்களை 1886 ஜூன் 3-ல் அங்கே உயிரோடு எரித்தான். கத்தோலிக்கரும் ஆங்கிலிக்கரும் ஒன்றாகவே செத்தார்கள். அவர்களில் கிசிட்டோ என்பவனுக்கு வயது 14. ஞானஸ்நானம் பெற்றுச் சில நாள்தான் ஆகியிருந்தது. சொல்லப்போனால் அந்தத் தேசத்துக்கே முதல் மிஷனெரிகள் வந்து பத்து வருஷம் நிரம்பவில்லை, 1877-ல்தான் வந்தார்கள். ஒவ்வொரு ஜூன் 3-ம் தேதியும் லட்சக்கணக்கானோர் கூடுகிறார்கள். பலர் நாட்டின் மறுகோடியிலிருந்து, அண்டை நாடுகளிலிருந்துகூட நடந்தே வருகிறார்கள்.

அந்த மண்ணின் பிள்ளைகளுக்குத்தான் நீங்கள் மறுநாள் காலை விசுவாசம் என்றால் என்ன என்று ஆக்‌ஷன் சாங் சொல்லித்தரப் போகிறீர்கள்.

அனாதை இல்லத்துக்குப் போகாமல் வந்தால் பயணம் முடிந்ததாகாது. மடியில் குழந்தை, முகத்தில் கண்ணீர், பின்னணியில் நாம் அடித்த பெயின்ட். (அந்தச் சுவருக்கு வழக்கமாகப் பெயின்ட் அடிப்பவர் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பார். அன்றைக்கு அவருக்குக் கூலி கிடையாது.) அனாதைப் பிள்ளை என்று எழுதிப் படத்தைப் போடும் முன் யாரிடமும் விசாரிக்காதீர்கள். இப்படிப்பட்ட இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடிருக்கிறார் என்று சேவ் தி சில்ட்ரன் அமைப்பு 2009-லேயே அறிக்கை வெளியிட்டது. பார்க்க வருகிறவர்கள் பெருகினால் இல்லங்களும் பெருகும். வறுமையில் இருக்கும் தாயிடம் பிள்ளையைக் கேட்டு வாங்குவது அங்கே அவ்வளவு கஷ்டமில்லை. இதில் எனக்கு நையாண்டி வரவில்லை. அந்தப் பிள்ளையை மடியிலிருந்து இறக்கிவிடுங்கள்.

ஊர் திரும்பியபின்

சாட்சிக் கூட்டத்துக்கு ஒரு வரி தயாராகவே இருக்கிறது: அவர்களிடம் ஒன்றுமே இல்லை, ஆனாலும் எவ்வளவு சந்தோஷம்! இதைச் சொல்லாமல் எந்தக் குழுவும் மேடையிலிருந்து இறங்கியதில்லை. அந்தச் சந்தோஷம் விருந்தாளிக்காக வீட்டார் வரவழைத்துக்கொண்ட முகமா, உண்மையானதா, உண்மையானது என்றால் எங்கிருந்து வருகிறது என்று ஆராய ஆரம்பித்தால் கூட்டம் நீண்டுவிடும். அவர்களிடம் ஒன்றுமில்லை என்பதைக் கடவுள் நமக்குப் பாடம் நடத்தச் செய்த ஏற்பாடுபோலச் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குப் போய்விடுங்கள்.

கேள்வி நேரம் மட்டும் வைக்காதீர்கள். வைத்தால் பின்பெஞ்சிலிருந்து ஒரு ஆச்சி எழுந்திருப்பார். ஒவ்வொரு சபையிலும் ஒருவர் இருக்கிறார்.

"ஏலேய், பத்து நாளும் உனக்கு சோறாக்கிப் போட்டது யாருடே?"

"ஒரு வீட்டுல ஒரு அம்மா, ஆச்சி."

"அவ பேரு என்ன?"

மேடையில் நிற்பவர் குழுத் தலைவரைப் பார்ப்பார். குழுத் தலைவர் புரொஜெக்டரைப் பார்ப்பார்.

ஆச்சியின் கேள்வி புதிதில்லை. நம் வெள்ளாளன்விளையில் பிறந்த அசரியா, 1910-ல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் எழுந்து, மேல்நாட்டார் செய்த தியாகங்களையெல்லாம் மனதாரப் பாராட்டிவிட்டு, எங்களுக்கு நண்பர்கள் வேண்டும் என்று முகத்துக்கு நேரே கேட்டார். முந்தைய வருஷம்தான் அவர் தோர்ணக்கலுக்குப் போய், முப்பத்தைந்து வயதில் தெலுங்கு எழுத்துக் கூட்டிக்கொண்டிருந்தார். கேட்பதற்கு அவருக்கு உரிமை இருந்தது. அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் நாம். இன்றைக்கு விமானம் ஏறிப் போகிறவர்களும் நாமே. கேள்வி இப்போது நம்மை நோக்கி வருகிறது, அவ்வளவுதான்.

அடுத்த வருஷத்துக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருக்கும் குழுத் தலைவர்களுக்கு ஒரு விண்ணப்பம். டீ ஷர்ட்டுக்கு ஆர்டர் கொடுப்பதற்கு முன் அந்த ஊர்ச் சபைக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். நாங்கள் வரலாமா, வந்தால் எங்களுக்கு என்ன கற்றுக்கொடுப்பீர்கள் என்று கேளுங்கள். வர வேண்டாம் என்று பதில் வந்தால் டிக்கெட் பணத்தை அவர்களுக்கு அனுப்பிவிடுங்கள். வாருங்கள் என்று வந்தால் போங்கள். பத்து நாள் போதாது, ஒரு மாதமாவது லீவு சொல்லிவிட்டுப் போங்கள்.